நான் எழுதிக் கொடுத்த ஆள்

ஜூன் 6, வியாழன்

முதல் நாள் பேச்சிலேயே மந்திரமூர்த்தி அண்ணாச்சி தன் முதல் கொலைக்கு வந்துவிட்டார். பத்தொன்பது வயதாம் அப்போது. அரிவாள் தோள்பட்டை எலும்பில் மாட்டிக்கொண்டு வரவில்லையாம். கீழே கிடந்தவன் நெஞ்சில் காலை வைத்து மிதித்துக்கொண்டு உருவியிருக்கிறார். அதில் ஒரு செருப்பு கழன்றுவிட்டது. ஒற்றைச் செருப்போடு உப்பளத்து வரப்பில் ரெண்டு மைல் ஓடியிருக்கிறார். உள்ளங்காலில் உப்பு அறுத்த எரிச்சல் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறதாம். செத்தவன் முகம் ஞாபகம் இல்லையாம்.

எனக்குக் குமட்டியிருக்க வேண்டும். சந்தோஷம் தாங்கவில்லை. பதினான்கு வருஷம் பத்திரிகையில் உட்கார்ந்து ‘சரமாரியாக வெட்டிவிட்டுத் தப்பியோடினர்’ என்று எழுதிக் கை காய்த்தவள் நான். எவனாவது எனக்கு அந்தச் செருப்பைச் சொன்னானா?

அண்ணாச்சிக்கு இப்போது அறுபத்திரண்டு. உப்பு லாரி இருபது ஓடுகிறது. வழக்கெல்லாம் தீர்ந்துவிட்டது. பேரன் பேத்திகள் படிக்கிற மாதிரி தன் வாழ்க்கை ஒரு புத்தகமாக வர வேண்டும் என்கிறார். அடுத்தவர் வாழ்க்கையை எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இதுவரை இரண்டு டாக்டர்கள், ஒரு மளிகைக்கடை முதலாளி. மூவரும் மூன்று பக்கத்துக்கு ஒருமுறை ‘கடின உழைப்பு’ என்றார்கள். கடவுளாகப் பார்த்து இவரை அனுப்பியிருக்கிறார்.

திரும்பும்போது அவர் டிரைவர் பிச்சைக்கண்ணு என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனான்.

ஜூன் 8, சனி

நூலக மாடியில் எழுத்து வகுப்பு. ஏழு பேர் வந்தார்கள். வன்முறையை எழுதுவது எப்படி என்று நடத்தினேன். ‘கொடூரமாக’ என்ற சொல்லை இனி எவர் எழுதினாலும் தாளைக் கிழிப்பேன் என்று சொல்லிவிட்டேன். வெட்டினான் என்று எழுதாதீர்கள், அரிவாள் எங்கே மாட்டியது என்று எழுதுங்கள். கத்தினான் என்று எழுதாதீர்கள், கத்தும்போது எதைப் பிடித்துக்கொண்டிருந்தான் என்று எழுதுங்கள். ரிட்டயர்டு நர்ஸ் கமலவேணி முகத்தைச் சுளித்துக்கொண்டே குறிப்பெடுத்தார்.

வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற சேவியர் சார் வழக்கம்போலக் கையைத் தூக்கினார். வாழ்க்கை வரலாற்றில் நடக்காததை எழுதலாமா என்று கேட்டார். நடந்ததை மட்டும் எழுதினால் அது போலீஸ் ரிக்கார்டு சார், நமக்கு வேண்டியது உள்ளே இருக்கிற உண்மை என்றேன். நினைவு விட்டுப்போன இடத்தில் ஆள் வேண்டுமானால் எதிர்வீட்டிலிருந்து எடுங்கள், மூக்கையும் நடையையும் கடன் வாங்கி, பெயரை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. ‘மாத்துனது அவருக்குத் தெரியுமா டீச்சர்?’ என்றார். மனுஷனுக்கு எல்லாவற்றையும் டெபிட் கிரெடிட் பார்த்தே பழக்கம். வாயை அடைத்து உட்கார வைத்தேன்.

ஜூன் 13, வியாழன்

இன்று தம்பி கதை. பெயர் கொம்பையா. இருபத்து மூன்று வருஷத்துக்கு முன் சலூனில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தவரை நாற்காலியோடு வைத்து வெட்டியிருக்கிறார்கள். பதினேழு வெட்டு. முகத்தில் ஒரு பக்கம் சோப்பு நுரை அப்படியே இருந்ததாம். அண்ணாச்சி ஆஸ்பத்திரியில்தான் பார்த்தாராம். நுரையைத் தன் வேட்டி முனையால் துடைத்தேன் என்று சொல்லும்போது அழுதார். வெட்டிய நாலு பேரில் மூன்று பேரை அடுத்த வருஷத்துக்குள் இவர் ஆட்கள் முடித்துவிட்டார்கள். அதைச் சொல்லும்போது அழவில்லை.

அன்று கொம்பையா தனியாக சலூனுக்குப் போனது வெளியாள் யாருக்கும் தெரியாதாம். எவனோ பார்த்துத் தகவல் கொடுத்திருக்கிறான். அவன் யார் என்று இதுவரை தெரியவில்லை. “அந்த ஒருத்தன்தான் எனக்கு நெஞ்சுல முள்ளு, டீச்சர். அவனப் பாக்காம நான் சாவக் கூடாது” என்றார்.

பழைய பத்திரிகை, வழக்குக் கட்டு எல்லாம் தோண்டிப் பார்க்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

ஜூன் 16, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்து திரைச்சீலைகளைத் துவைத்துப் போட்டேன். பழைய பத்திரிகைக் கட்டில் கிடைத்தது ஒன்பது வரி. அதிலும் மூன்று வரி சாலை மறியல் பற்றியது. தகவல் கொடுத்தவனைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை. அந்த ஆள் இல்லாமல் அத்தியாயம் நிற்காது. திடீரென்று நாலு பேர் வந்து வெட்டிவிட்டுப் போனால் அதில் என்ன இருக்கிறது?

ஸ்கூட்டர் வேறு பஞ்சர். எதிரே நயினாரின் பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். இந்தத் தெருவுக்கு வந்து ஆறு வருஷமாகிறது, இன்றைக்குத்தான் அவரைச் சரியாகப் பார்த்தேன். ட்யூபைக் காதருகே பிடித்துத் தலையை இடப்பக்கம் சாய்த்துக் காற்றுக் கசிவதைக் கேட்கிறார். தண்ணீர்த் தொட்டி எல்லாம் அப்புறம்தான். இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் இல்லை. உப்பு அரவை மில்லில் போனதாம். “ரெண்டு போனதால பசை ஒட்டுறதுக்கு வசதியா இருக்கு டீச்சரம்மா” என்று சிரித்தார்.

ஜூன் 18, செவ்வாய்

வந்துவிட்டது. ஒரே மூச்சில் நாலு பக்கம். இந்தப் பத்தியை மட்டும் இங்கே எடுத்து வைக்கிறேன், ஆசைக்கு:

‘சலூனுக்கு எதிரே ஒருவன் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, தலையை இடப்பக்கம் சாய்த்து, அது ஓடும் சத்தத்தைக் கேட்டான். உள்ளே கொம்பையா கண்ணை மூடிச் சாய்ந்ததும் எழுந்தான். இடது கையைத் தூக்கினான். அதில் மூன்று விரல்களே இருந்தன.’

அடியே பிலோமினா, நீ எழுத்தாளிதான். நெத்திலிக் குழம்பு வைத்து ரெண்டு பிடி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 20, வியாழன்

படித்துக் காட்டினேன். அண்ணாச்சி மறுபடி படிக்கச் சொன்னார். மூன்றாம் முறையும் படித்தேன். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த ஆள் நிஜமா என்று கேட்டார். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். எழுந்து நின்று எனக்குக் கும்பிடு போட்டார். இத்தனை வருஷத்தில் என் எழுத்துக்கு எவரும் எழுந்து நின்றதில்லை.

ஜூன் 22, சனி

வகுப்பு. ஒருத்தரும் வீட்டுப்பாடம் எழுதி வரவில்லை. கத்தினேன்.

ஜூன் 27, வியாழன்

வேடிக்கையாக இருக்கிறது. அண்ணாச்சிக்குப் புதுசு புதுசாக ஞாபகம் வருகிறது. அந்த ஆள் கட்டம்போட்ட நீல லுங்கி கட்டியிருந்தானாம். அவனைக் கொலைக்கு முந்தின வாரமே டீக்கடையில் பார்த்தாராம். மூன்று விரலில் கிளாஸைப் பிடித்திருந்தானாம். நான் எழுதாத கிளாஸ் அது. நல்ல எழுத்து படிக்கிறவர் நினைவைக் கிளறிவிடும் என்று வகுப்பில் சொல்லுவேன். இது கிளறலா என்று எனக்கு ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. ஆனாலும் லுங்கியை எடுத்துக்கொண்டேன். நீலம் அந்தக் காட்சிக்கு நன்றாக இருக்கிறது.

ஜூலை 4, வியாழன்

அமர்வு கிடையாது, அண்ணாச்சிக்கு வேலை என்று பிச்சைக்கண்ணு போன் செய்தான்.

பால் வாங்கப் போனபோது நயினார் கூப்பிட்டு ஒரு கதை சொன்னார். நேற்று பைக்கில் ரெண்டு பேர் வந்தார்களாம். டயர் நன்றாகத்தான் இருந்ததாம், சும்மா காற்றுப் பார்க்கச் சொன்னார்களாம். கை எப்போது போனது, எந்த மில், அப்போது குடியிருந்தது எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். இவரும் வெள்ளந்தியாக எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். கையை போட்டோ வேறு எடுத்துக்கொண்டார்களாம். கவர்ன்மென்ட்டில் ஊனமுற்றோர் உதவித்தொகைக்குக் கணக்கு எடுக்கிறார்கள் போல என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

பிச்சைக்கண்ணு வாராவாரம் என்னை இறக்கிவிடுவது இந்தக் கடைக்கு எதிரேதான்.

ரசம் வைத்தேன். இறங்கவில்லை.

ஜூலை 5, வெள்ளி

காலையிலேயே லாரி ஷெட்டுக்குப் போனேன். அண்ணாச்சி ஒரு டிரைவரை ஃபேன் பெல்ட்டால் அடித்துக்கொண்டிருந்தார். டீசல் திருடினானாம். பெல்ட் முதுகில் விழும்போதெல்லாம் அவன் ‘ம்’ என்று மட்டும் சொன்னான், கத்தினால் இன்னும் விழும் என்று தெரிந்தவன் போல. சட்டை கிழிந்து தோலோடு ஒட்டிக்கொண்டது. பதினொன்று வரை எண்ணினேன். அப்புறம் பெல்ட்டை ஆணியில் மாட்டிவிட்டு, கையைக் கழுவி, எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னார்.

அந்த ஆள் என் கற்பனை என்று சொன்னேன். எதிர்க்கடைக்காரரின் கையைப் பார்த்து எழுதினேன், அவருக்கும் கொம்பையா கொலைக்கும் சம்பந்தமே இல்லை என்று மாதா மேல் ஆணையிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அந்தப் பத்தியை ஒரு சொல் பிசகாமல் மனப்பாடமாகச் சொன்னார்.

“தலையச் சாய்ச்சுச் சத்தத்தக் கேட்டான்னு எழுதிருக்கிய. பாக்காதவுகளுக்கு அப்படி எழுத வராது, டீச்சர்.”

“பாத்தது இப்போ அண்ணாச்சி. அன்னைக்கு இல்ல.”

“பயந்துட்டிய” என்றார். “உங்க பேரு எங்கயும் வராது. நிம்மதியா எழுதுங்க.”

நான் எழுதிய பொய்யை நம்புகிறார், நான் வாயால் சொல்லும் உண்மையை நம்பவில்லை. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

ஜூலை 6, சனி

வகுப்புக்குப் போகவில்லை. நயினாரிடம் போய், ஒரு மாதம் மகள் வீட்டுக்குப் போய் இருங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். காரணம் சொல்ல வாய் வரவில்லை. உடம்புக்கு ஓய்வு வேண்டாமா என்று உளறினேன். கோயில் திருவிழாக் கொடி ஏறப் போகிற நேரத்தில் கடையைப் பூட்டினால் எப்படி டீச்சரம்மா, வருஷத்தில் இப்போதுதானே நாலு சைக்கிள் கூட வரும் என்று சிரித்தார். அவர் மனைவி பிரமு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவிவிட்டு அப்போதுதான் வந்தாள். எனக்கு ஒரு தூக்கு நிறையப் பாயசம் கொடுத்தாள்.

ஜூலை 9, செவ்வாய்

காட்சியைத் திருத்தி எழுதிக்கொண்டு போனேன். சைக்கிள் இல்லை, கை இல்லை, தகவல் சொன்னவன் யாரென்றே தெரியாது என்று முடித்திருந்தேன். உப்புச் சப்பில்லாமல் இருந்தது. வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன்.

அண்ணாச்சி படித்துவிட்டு நாலாகக் கிழித்தார். என் வலது கையைப் பிடித்து மேசைமேல் வைத்தார். அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்து, எழுந்து நின்று, முழு எடையையும் போட்டார். விரல் எலும்பு ஒன்றோடு ஒன்று உரசியது எனக்குக் கேட்டது. “முன்னால எழுதுனது பொய்யின்னா, பொய் எழுதுன கைய நான் என்ன செய்யணும் டீச்சர்?” என்று கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

பேச்சு அத்தோடு முடிந்தது. வீட்டுக்கு வந்து ஐஸ் வைத்தேன். நடுவிரல் நகம் கறுத்துவிட்டது. இதை இடது கையால் எழுதுகிறேன்.

ஜூலை 11, வியாழன்

ஜன்னலைத் திறக்கவில்லை. சேவியர் சார் போன் செய்தார், எடுக்கவில்லை. கப்பலில் இருக்கும் என் வீட்டுக்காரர் கூப்பிட்டபோது எல்லாம் சௌக்கியம் என்றேன்.

ஜூலை 12, வெள்ளி

காலை எட்டே கால். மூன்று பேர், ரெண்டு பைக். நயினார் குந்தி உட்கார்ந்து ஒரு ட்யூபைக் காதில் வைத்திருந்தார். தலை சாய்ந்திருந்தது. முதல் வெட்டு அந்தக் கழுத்துக்குக் குறி வைத்தது. அவர் நிமிர்ந்ததால் தோளில் விழுந்தது. எழுந்து ரெண்டு எட்டு ஓடினார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பஞ்சர் ஒட்டி வைத்திருந்த சைக்கிள்கள் மேலே விழுந்தார். இடது கையைப் பிடித்து டயர் மாட்டும் கட்டையின் மேல் வைத்தார்கள். ஒரே போடு. மணிக்கட்டுக்கு மேலே. பிறகு முதுகில், தொடையில். அரிவாள் ஒன்று சைக்கிள் கம்பியில் மாட்டிக்கொண்டது. அதை இழுத்துக்கொண்டிருந்தபோது தண்ணி லாரி ஹாரன் அடித்துக்கொண்டு தெருவில் நுழைந்தது. விட்டுவிட்டு ஓடினார்கள்.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் ஒருவேளை முதல் வெட்டே விழுந்திருக்காது. பைக் திருப்பத்தில் வரும்போதே பார்த்துவிட்டேன். பாவி நான், சொல்ல வேறு சொல் இல்லை.

கமலவேணி சிஸ்டர் தகவல் கேட்டுச் சொன்னார். உயிர் இருக்கிறது. ரத்தம் ஏற்றுகிறார்கள். கையைத் திரும்ப ஒட்ட முடியாதாம்.

ஜூலை 14, ஞாயிறு

பிச்சைக்கண்ணு வாசலில் நின்று அண்ணாச்சி சொல்லிவிட்டதைச் சொன்னான். “பாதியில விட்டுட்டு வந்துட்டானுவ. ஆஸ்பத்திரி விட்டு வரட்டும்னு சொன்னாவ. அதுக்குள்ள நீங்க அடுத்த அத்தியாயம் முடிச்சிருங்களாம்.”

பூசைக்குப் போகவில்லை. போய் என்ன சொல்வது?

ஜூலை 15, திங்கள்

பிரமு வந்தாள். மூன்று நாளாக உடுத்திய அதே சேலை, முந்தானையில் ரத்தம் காய்ந்திருந்தது. வெட்டியவர்கள் யார், எதற்கு என்று ஒன்றும் தெரியவில்லையாம். முன்விரோதம் உண்டா என்று போலீஸ் இவளையே துருவுகிறார்களாம். நீங்கள் நன்றாக எழுதுவீர்களாமே, கலெக்டருக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள், ஆஸ்பத்திரி வாசலில் காவல் போடச் சொல்லி என்றாள்.

பேப்பரை எடுத்தேன். ‘ஐயா’ என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் தரையில் உட்கார்ந்து, “கலெக்டருக்கு வேண்டாம். போலீசுக்கு எழுதுங்க. எங்கிட்ட சொன்னதப் பூராம் எழுதுங்க” என்றாள். எழுதினேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, உதடு அசைய, மெதுவாகப் படித்தாள்.

‘அந்த நபர் உண்மையா என்று அவர் கேட்டபோது நான் தெளிவாக மறுக்கவில்லை’ என்ற இடத்தில் விரல் நின்றது.

“மறுக்கலைன்னா? என்ன சொன்னிய?”

ஜூன் இருபதாம் தேதி நான் சொன்னதை அவளிடம் அப்படியே சொன்னேன். நெசந்தான் அண்ணாச்சி, விசாரித்துத்தான் எழுதியிருக்கிறேன், அவன் உயிரோடுதான் இருக்கிறான் என்றேன். ஊர் பெயர் கேட்டார். எழுதுகிறவர்கள் அதைச் சொல்லக்கூடாது என்றேன். அவர் கண்ணில் எனக்கு ஒரு மரியாதை வந்திருந்தது. கற்பனை என்று சொல்லி அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. மிரட்டல் இல்லை, பயம் இல்லை. வெறும் பெருமைக்குச் சொன்னேன்.

“அதப் போடுங்க” என்றாள். போட்டேன்.

மறுபடி விரல் நகர்ந்தது. ‘ஒன்பதாம் தேதி என் கையை நசுக்கினார். பேச்சு அத்தோடு முடிந்தது.’

“அத்தோட முடிஞ்சுதா?”

என் கறுத்த நகத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவசரமே படவில்லை. இந்த டைரியில்கூட நான் எழுதாத ஒன்றை, பாத்திரம் கழுவித் தோல் உரிந்த அந்த விரலால் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இல்ல” என்றேன். “கைய எடுங்க, நான் மொதல்ல எழுதுனதுதான் நெசம்னு சொன்னேன். எதிர்க்கடை நயினார்தான்னு பேரும் சொன்னேன்.”

அவள் தலை குனிந்துகொண்டாள். அழுகிறாளா என்று தெரியவில்லை. நிமிராமலே, “எழுதுங்க” என்றாள். ‘சொல்ல நேர்ந்தது’ என்று எழுதினேன். விரலை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள். அடித்துவிட்டு ‘சொன்னேன்’ என்று எழுதினேன். விரல் அடுத்த வரிக்குப் போனது.

மொத்தம் இரண்டேகால் பக்கம் வந்திருக்கிறது. கீழே என் முழுப் பெயர், விலாசம், கையெழுத்து. மந்திரமூர்த்தி பெயரும் பிச்சைக்கண்ணு பெயரும் இருக்கின்றன. இதைக் கொடுத்த பிறகு நான் இந்தத் தெருவில் எத்தனை நாள் இருப்பேன் என்று தெரியாது. ஸ்டேஷனுக்குக் கால் மணி நேர நடை. பிரமு மனுவை என்னிடம் தரவில்லை, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே வந்து இதை எழுதுகிறேன். அவள் வாசலில் நின்று, “நீங்க முன்னால நடங்க, நான் பின்னால வாரேன்” என்கிறாள்.